குமரியில் ‘ஜெபம் பண்ணுகிறேன்’ என்றால் என்ன பொருள்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நாகர்கோவிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. பக்கத்து மேசை அக்கா எதற்கெடுத்தாலும் ‘ஜெபம் பண்ணுகிறேன்’ என்கிறார். அது வெறும் வாய்வார்த்தையா, உண்மையிலேயே ஏதாவது செய்கிறாரா, இந்துவான நீங்கள் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தாண்டி இந்த நம்பிக்கை இங்குள்ளவர்களின் வீட்டுக்குள்ளும் உறவுக்குள்ளும் என்ன வேலை செய்கிறது? மூன்றாவதைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள்: சுனாமியிலும் ஒக்கிப் புயலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த கடற்கரைக்காரர்கள் இன்னும் எப்படி அதே கடவுளைக் கும்பிடுகிறார்கள்?

நான் கல்குளம் தாலுகாவில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புரொட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில் பிறந்தவன். கடற்கரை ஊர் ஒன்றில் கத்தோலிக்கப் பள்ளியில் 22 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இறையியல் படித்ததில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டு பக்கத்து அடக்கங்களுக்கும் போயிருக்கிறேன். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ‘குமரிக் கிறிஸ்தவர்’ என்று ஒரே ஆள் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள், 49 பேர் இந்துக்கள், நான்கு பேர் முஸ்லிம்கள். அந்த 47 பேருக்குள் லத்தீன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, மேற்கே சிரியன் மரபைச் சேர்ந்த மலங்கரைக்காரர்கள், தெருவுக்கொரு பெந்தெகொஸ்தே சபை என்று பல வீடுகள். நாங்கள் ‘ஆலயம்’ என்போம், கத்தோலிக்கர் ‘கோயில்’ என்பார்கள், விளவங்கோட்டுப் பக்கம் மலையாள வாடையில் ‘பள்ளி’ என்பார்கள். எங்கள் எழுத்தில் ‘ஜெபம்’, அவர்கள் எழுத்தில் ‘செபம்’. உங்கள் அக்கா கத்தோலிக்கராக இருந்திருந்தால் ‘உனக்காகப் பூசைக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. ‘ஜெபம் பண்ணுகிறேன்’ என்று விடாமல் சொல்கிறார் என்றால் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார் என்று என் ஊகம்.

சரி, அவர் உண்மையிலேயே ஏதாவது செய்கிறாரா? பெரும்பாலும் செய்கிறார்.

எங்கள் அம்மா இறந்தபிறகு அவருடைய வேதபுத்தகத்தைத் திறந்தபோது உள்ளே நாற்பதுக்கு மேல் சீட்டுகள் இருந்தன. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்துக்கடைப் பில்லின் ஓரம், காலண்டர் தாளின் கிழிசல். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். சிலவற்றில் பெயரின் குறுக்கே ஒரு கோடு. காரியம் முடிந்தது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துப் பெண்ணின் பிரசவம் இருந்தது. என் தம்பியின் வேலை இருந்தது. அதில் கோடு இல்லை, அவனுக்கு வேலை கிடைத்தது அம்மா போனபிறகு. சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய ஒருவரின் பெயரும் இருந்தது. அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று ஜெபித்தாரா, பணம் திரும்பி வரவேண்டும் என்று ஜெபித்தாரா என்பதை இனி யாரிடம் கேட்பது? அந்தப் பெயரிலும் கோடு இல்லை.

மேலே ஒருவர் கேட்கிறாரா என்ற விவாதத்தை இங்கே தொடங்க எனக்கு விருப்பமில்லை. கீழே நடப்பதை மட்டும் சொல்கிறேன். தினமும் காலையில் ஒரு பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவர் அந்த ஆளை வழியில் பார்த்தால் விசாரிக்காமல் போக முடியாது. விசாரித்தால் நிலைமை தெரியவரும். தெரிந்தபிறகு ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியாவது போய்ச் சேரும். எங்கள் அம்மாவுக்குச் சமையலறையில் இரண்டு அரிசிப் பானை. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போடுவார். அது பிடியரிசி, சபைக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறையவில்லை; கை மட்டும் சற்றுச் சிறிதாக மூடியது. அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் ஊரார் வீட்டு ரகசியம் முழுவதும் கூட்டத்தில் வந்து விழும். ‘இன்னார் மகள் காரியத்துக்காக ஜெபியுங்கள், விவரம் கேட்காதீர்கள்’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் போதும், மறுநாள் சந்தையில் விவரம் இலவசமாகக் கிடைக்கும். ஆகவே அக்காவிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தை நம்புகிறவர்கள் டாக்டரிடம் போகமாட்டார்களா என்று வெளியூர்க்காரர்கள் சிலர் கேட்பதுண்டு. சில சிறு கூட்டங்களில் அந்தப் பிடிவாதம் உண்டு, அதை நான் ஏற்பதில்லை. ஆனால் இந்த மண்ணின் வழக்கம் வேறு. நெய்யூரில் மிஷன் மருத்துவமனை 1838-இலேயே தொடங்கிவிட்டது. 1922-இல் எவரெஸ்ட் சிகரத்துக்குப் போன ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் வாசலில் நின்ற நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். என் பாட்டி தலைமுறைக்கு அறுவைச் சிகிச்சை அறைக்குள் போவதும் ஜெபத்தோடு சேர்ந்ததுதான். கத்தியை எடுக்குமுன் டாக்டரே கண்ணை மூடுவார் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி நேரக் கணக்கு. கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை மணி அடிக்கும். சாயங்கால மணி அடித்தபிறகும் பெண்பிள்ளை வெளியே நின்றால் வீட்டில் கேள்வி வரும். பையன் நின்றால் வராது, அது வேறு விஷயம். விளக்கு வைத்தபின் செபமாலை. எங்கள் பக்கத்தில் குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், அப்பாவின் நீண்ட ஜெபம், நடுவே தூங்கி விழும் பிள்ளைகள். இப்போது தொலைக்காட்சித் தொடரின் நேரத்துக்கு ஏற்றபடி ஜெப நேரம் முன்னே பின்னே நகர்கிறது. கர்த்தர் பொறுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. கடற்கரையில் பெரும்பாலான ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். மீன் குவியும் பருவத்தில் ஒரு நாள் தொழிலை விடுவது கையை அறுத்துக்கொள்வது மாதிரி. ஆனாலும் ஊர்க் கட்டுப்பாடு. பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு போகும் வழக்கமும் பழையது, ‘குத்தகை’ என்பார்கள். கோயில் அங்கே வழிபடும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. பஞ்சாயத்தும் அதுதான், புயலடித்தால் படுத்துறங்கும் கூரையும் அதுதான். பங்குத்தந்தையின் சொல்லுக்கு அங்கே இருக்கும் எடை மாவட்ட ஆட்சியரின் சொல்லுக்கு இருந்ததை நான் பார்த்ததில்லை. இந்த அதிகாரம் நல்லதற்கும் பயன்பட்டிருக்கிறது, அளவு மீறியும் போயிருக்கிறது. கேள்வி கேட்ட குடும்பம் ஒதுக்கிவைக்கப்பட்டதும் உண்டு.

உறவு என்று கேட்டீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது எங்கள் அப்பாவும் பெரியப்பாவும்தான்.

இருவருக்கும் ஒரு தென்னையின்பேரில் தகராறு. மரம் எல்லைக் கையாலையின் மேலேயே முளைத்து, வளைந்து பெரியப்பா பக்கம் சாய்ந்திருந்தது. வேர் எங்களது, குலை அவர்களது. நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இதில் சிக்கல் என்னவென்றால் எங்கள் சபையில் மாதத்துக்கு ஒருமுறை, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து உண்டு. நாங்கள் இராப்போஜனம் என்போம். பீடத்தில் காணிக்கை வைக்கப்போகும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது இயேசுவின் கட்டளை. அப்பா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். பேசாமல் இருப்பதை விடவும் மனமில்லை, பேசாமலே போய் அப்பம் வாங்கவும் துணிவில்லை. ஆகவே வரிசை எழுந்து முன்னே போகும்போது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். இடது பக்கம் அப்பா. வலது பக்கம் நான்கு பெஞ்சு தள்ளி, அதேபோல் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா. இரண்டு வீட்டுப் பெண்களும் போய் வாங்கிவிட்டுத் திரும்புவார்கள். யார் எழுந்திருக்கவில்லை என்பதைச் சபையே பார்க்கும். நான்கு வருடம், மாதம் ஒருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்குப் பதினொரு வயது. ஒரு சனிக்கிழமை இரவு, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, மின்சாரம் இல்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டார்ச்சை எடுத்தார். குடையைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போனார். பெரியம்மா கதவைத் திறந்தார். அப்பா உள்ளே போகவில்லை. திண்ணையோரம் நின்று, இருட்டைப் பார்த்து, ‘நாளைக்கு இராப்போஜனம்’ என்றார். அவ்வளவுதான். உள்ளேயிருந்து சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பெரியப்பாவின் குரல்: ‘பையன் நனைகிறான், உள்ளே வரச் சொல்.’ கருப்பட்டிக் காப்பி வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் மன்னிக்கவுமில்லை. தென்னையைப்பற்றிப் பேச்சே வரவில்லை. மறுநாள் இருவரும் எழுந்து முன்னே போனார்கள். அந்த மரம் யாருக்கு என்பது கடைசிவரை தீரவில்லை; தேங்காய் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஓர் இடிக்கு மரமே கருகிப்போயிற்று.

இந்த நம்பிக்கை ஆட்களை நல்லவர்களாக்கிவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். அப்பா மறுவருடமே வேறொருவரோடு வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டார். ஆனால் சண்டையைச் சுமந்துகொண்டு நிம்மதியாக உட்கார முடியாதபடி ஒரு முள்ளை வைக்கிறது. பெஞ்சில் வைத்த முள்.

ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் பருகும் அந்தப் பந்தி எங்கள் முன்னோரை எங்கே கொண்டுபோனது என்பதற்கு ஒரு கதை உண்டு. அது உங்கள் ஊரில் தொடங்குகிறது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கிருந்து தஞ்சாவூர் போனவர் அங்கே கிறிஸ்தவச் செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். அவர் அழைப்பின்பேரில்தான் 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூர்ச் சீர்திருத்தச் சபைகளுக்கு அதுதான் தொடக்கம். கிறிஸ்தவர்களுக்கு இங்கே ‘வேதக்காரர்’ என்ற பெயர் வந்தது சும்மா அல்ல. வேதத்தை வாசிக்க எழுத்துத் தெரியவேண்டும். ஆகவே ஆலயம் கட்டிய இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தது, பெண்பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் ரேந்தை விற்ற காசில் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ஊசியும் நூலும் அந்த வேலையைத் தொடங்கிவிட்டன.

மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகமும் இதோடு சேர்ந்ததுதான். 1822-இல் கல்குளம் பகுதியில் ரவிக்கை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. வழக்கும் கலவரமுமாக 37 வருடம் ஓடி, 1859 ஜூலை 26-ஆம் நாள் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ‘நீயும் தேவசாயலாகப் படைக்கப்பட்டவள்’ என்று ஒருத்தியிடம் வாரந்தோறும் சொல்லிக்கொண்டே வந்தால், ஒருநாள் அவள் அதை நம்பிவிடுவாள். நம்பியபிறகு தோளைத் திறந்துபோட்டு நடக்கமாட்டாள். நம்பிக்கை அன்றாட வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்ததில் இதைவிடக் கண்ணுக்குத் தெரிந்த பதில் கிடையாது.

பெருமையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோள்சீலை போட்டவர்கள் சாதியைக் கழற்றவில்லை. இன்னும் சபைக்குச் சபை சாதி முகம் உண்டு. பேராயத் தேர்தல் வந்தால் அது வெளியே தெரியும். மணப்பந்தலில் எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று. மணமகன் தேடும்போது மட்டும் ஒன்றல்ல. வேற்றுச் சாதிக் கிறிஸ்தவரைவிடத் தன் சாதி இந்துவே மேல் என்று சம்பந்தம் செய்த குடும்பங்களைச் சுட்டிக்காட்ட எனக்குப் பத்து விரல் போதாது. இந்த மண்ணில் வேதத்தில் சேர்ந்து கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை நீக்கவேண்டும் என்று கேட்டு எழுதினார்கள், வத்திக்கானும் நீக்கியது. சரியான காரியம். 1752-இல் இறந்தவரின் சாதியை நீக்கிவிட்டோம், உயிரோடு இருக்கிறவர்களுடையது அப்படியே இருக்கிறது.

வரதட்சணையைப்பற்றிச் சொல்லவே கூசுகிறது. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்கிறார்கள்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். யாரும் எழுந்ததில்லை. இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம், ஒரு கார் என்று பேரம் முடிந்தபிறகுதான் அந்த ஓலையே எழுதப்படுகிறது என்பது வாசிக்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். படித்த மாவட்டம், பாதி கிறிஸ்தவ மாவட்டம். அப்படியும் பெண்ணைப் பெற்றவன் ரப்பர் தோட்டத்தை விற்கிறான். திருவிருந்துப் பெஞ்சில் முள்ளாகக் குத்தியது இந்த விஷயத்தில் மழுங்கிப்போனது ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் மகனுக்கு வாங்கவில்லை, மகளுக்குக் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்து, கிறிஸ்தவர் உறவு பற்றிச் சுருக்கமாக. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தின் வடு இங்கே வயதானவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. அன்று ஊர் ஊராக நடந்து சமாதானம் பேசிய சைவ மடத்துத் தலைவர் குன்றக்குடி அடிகளாரைக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். மறுபுறம், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் தொடக்கத்தில் போய்ப் பாருங்கள். தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருப்பார்கள். உப்பும் மிளகும் நேர்ச்சை. டிசம்பர் 3 மாவட்டத்துக்கே விடுமுறை. பல குடும்பங்களில் அண்ணன் கிளை வேதத்தில் சேர்ந்தது, தம்பி கிளை சேரவில்லை; இரண்டு வீட்டிலும் ஒரே மரச்சீனிக் கிழங்கு, ஒரே மீன்குழம்பு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல வேலை வாங்குகிறோம். பைபிளில் பவுலின் நிருபத்தில், அதாவது கடிதத்தில், நிலைத்திருக்கும் மூன்று என்று ஒரு வரிசை வரும். எங்கள் பழைய புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் அது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. எங்கள் ‘நம்பிக்கை’ அவர்களுக்கு ‘எதிர்நோக்கு’. தொடக்கத்தில் அந்தச் சொல் எனக்கு அலுவலகச் சுற்றறிக்கைச் சொல்லாகத்தான் பட்டது. கடற்கரையில் சில வருடம் இருந்தபிறகு மனம் மாறியது. பிற்பகலில் மணல்மேட்டில் பெண்கள் கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பார்கள். படகு வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. பார்ப்பதை நிறுத்தவும் மாட்டார்கள். எதிர்நோக்குதல் அதுதான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள்தான் கிறிஸ்மஸ். குடில் கலைக்காத வீடுகளுக்குள் கடல் வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக மொத்தமாகக் குழிவெட்டிப் புதைத்தார்கள். அந்த நாட்களில் விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள்: பாவத்தின் சம்பளம், கடைசிக் காலத்தின் அடையாளம். எனக்கு அவர்கள்மேல் அன்றும் கோபம், இன்றும் கோபம். பைபிளில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையில் நண்பர்கள் மூவர் வந்து அவனுக்கு இப்படித்தான் நீள நீளமாக விளக்கம் சொல்வார்கள்; முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த விளக்கக்காரர்களைத்தான். யோபுவின் கதைக்கும் இந்த மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய், வயலும் மாடும் அழிந்து நொந்துபோயிருந்த நீலகண்டன் என்ற அரண்மனை அதிகாரிக்கு முதலில் சொன்னது யோபுவின் கதையைத்தான். அந்த நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எருமைமேல் பின்முகமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். கடவுளை நம்பினால் கஷ்டம் வராது என்ற வாக்குறுதி இந்த மண்ணில் தொடக்கத்திலேயே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, ஒரு ஞாயிறு மாலை போய்வாருங்கள்.

ஒக்கி வேறு மாதிரி. 2017 நவம்பர் 29 இரவும் 30-ஆம் நாளும். தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களை எட்டும் வழி இல்லை. கோயில் முற்றங்களில் செபமாலை ஓயவில்லை. ஆனால் கைகட்டி உட்கார்ந்து செபித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பர் 7-ஆம் நாள் ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்; குருக்களும் கன்னியரும் கூட இருந்தார்கள். ‘தேடுங்கள்’ என்பதுதான் கோரிக்கை. காலையில் கடவுளிடம் கேட்டதையே பகலில் அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒருவனும் அதில் போனான். கணக்கு வராது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சன்னலோரம் உட்கார்ந்து சொல்லிவிடுவான். உடல் கிடைக்கவில்லை. காணாமல்போனவரை இறந்தவர் என்று சட்டம் ஏற்க ஏழு வருடம் ஆகும். இவர்களுக்கு அரசு அந்த விதியைத் தளர்த்திச் சான்றிதழ் கொடுத்தது. காகிதம் வந்தது. ஆனால் அவன் அம்மாவுக்கு வேறு சிக்கல். கத்தோலிக்கரில் இறந்தவருக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டுத் திருப்பலி உண்டு. ‘ஏழாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது, சார்?’ என்று என்னிடம் கேட்டார். புயலடித்த அன்றா, படகு கவிழ்ந்த அன்றா, ஒருவேளை பலகையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் மிதந்திருந்தால்? 22 வருடம் கணக்கு நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் பங்கில் எல்லோருக்கும் சேர்த்து நவம்பர் 30 என்று வைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கடற்கரைக் கல்லறைத் தோட்டம் அன்று மாலை ஓர் ஊர்போல் இருக்கும்: வெள்ளையடித்த சிலுவைகள், செவ்வந்தி, மணலில் நட்ட மெழுகுதிரிகள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடிதான் இடம். அந்த அம்மா அங்கேதான் ஏற்றுவார். கடற்காற்றில் திரி நிற்காது. ஆகவே வீட்டிலிருந்து ஒரு சிரட்டை கொண்டுவந்து, அதற்குள் மெழுகை உருக்கி ஊற்றித் திரியை நிறுத்துவார். அணைந்தால் மறுபடி ஏற்றுவார். ஒருமுறை நான் பக்கத்தில் நின்றேன். தானாகவே சொன்னார்: ‘உயிரோடு இருக்கிறான் என்று நான் நினைக்கவில்லை, சார். எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். எனக்குக் காட்டும் வரைக்கும் நான் இதை ஏற்றுகிறேன்.’ குரலில் பக்திப் பரவசம் ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் நாளை வரச் சொன்னார்கள் என்பதுபோலச் சொன்னார். அந்தச் சாதாரணத்தைத்தான் நான் மறக்கவில்லை.

உயிர்த்தெழுதல் என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுப்பதை அவர் இப்படிக் கையில் வைத்திருக்கிறார். எல்லோரும் அப்படி இல்லை. அதே தெருவில் அந்த வருடத்திலிருந்து கோயில் படி மிதிக்காத ஒரு தகப்பனும் இருக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை; பெரிய வெள்ளியன்று கோயிலில் காய்ச்சும் கஞ்சியும் பயறும் மட்டும் அவர் வீட்டுக்கு யார் கையிலாவது போய்விடும். அவர் வாங்கிக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான ஒரு கடை இப்போது விறுவிறுப்பாக நடக்கிறது. மேடை, விளக்கு, கீபோர்டு, ‘இந்த மாதம் உனக்கு அற்புதம்’ என்ற வாக்குறுதி. சாட்சி சொல்லும் நேரத்தில் வளைகுடா விசா கிடைத்தவர் எழுந்து நிற்கிறார், கைதட்டல். கிடைக்காதவரும் அதே பணத்தைக் காணிக்கை போட்டவர்தான். அவர் உட்கார்ந்தே இருக்கிறார், தன் விசுவாசத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். என்னைக் கேட்டால், சிரட்டைக்குள் எரிகிற திரிக்கும் அந்த மேடை விளக்குக்கும் ஒரே மதத்தின் பெயரைச் சூட்டியிருப்பது ஒரு விபத்து. என் சபையிலேயே இதை ஏற்காதவர்கள் உண்டு. எனக்குக் கசப்பு அதிகம் என்பார்கள்.

உங்கள் அக்காவுக்கு வருவோம். உங்கள் மாற்றல் மனுவுக்காக ஜெபிக்கிறேன் என்றாராம், நீங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தீர்களாம். ‘ஆமென்’ எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு ஒட்டாது, அவருக்கும் தெரியும். ‘சரி அக்கா’ என்றால் போதும். இரண்டு வாரம் கழித்து, நீங்களே மறந்துபோயிருக்கும் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே ‘அந்த மனு என்னவாயிற்று?’ என்று கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார். அப்போது என்ன நடந்ததோ அதை உள்ளபடி சொல்லுங்கள். அவருடைய சீட்டில் கோடு போடவேண்டுமா வேண்டாமா என்பது அவருக்குத் தெரியவேண்டும்.